மூன்று பிள்ளைகளோடு மூன்று நாள் பாண்டிச்சேரி: பூசையும் விடக் கூடாது, பிள்ளைகளும் படுத்தக் கூடாது

நீங்கள் கேட்டது இது: மதுரையிலிருந்து காரில், டிசம்பர் கடைசி வாரம், வெள்ளிக்கிழமை கிளம்பித் திங்கட்கிழமை திரும்ப வேண்டும். பிள்ளைகளுக்கு எட்டு, நான்கு, ஒன்றரை வயது. கத்தோலிக்கர்கள் என்பதால் ஞாயிறு பூசை (திருப்பலி) தவறக் கூடாது, முடிந்தால் பழைய கோயில்களையும் பார்க்க வேண்டும், கடலும் வேண்டும். "எங்கெங்கே போகலாம்" என்று பட்டியல் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் கடைசி வரி, "போன தடவை வேளாங்கண்ணியில் மூன்றாவது கோயிலிலேயே சின்னவர்கள் இரண்டு பேரும் அழ ஆரம்பித்துவிட்டார்கள்" என்கிறது. உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். இடப்பட்டியல் எங்கும் கிடைக்கும். இந்த வயதுப் பிள்ளைகளோடு பாண்டிக்குப் போகிறவர்கள் இடங்களை எண்ணித் திட்டம் போடக் கூடாது, கடிகாரத்தைப் பார்த்துத் திட்டம் போட வேண்டும். நல்லவேளையாக அந்த ஊரின் கடிகாரமும் சின்னப் பிள்ளையின் கடிகாரமும் ஏறக்குறைய ஒன்றுதான்: காலையில் சுறுசுறுப்பு, மதியம் தூக்கம், சாயங்காலம் கடற்கரை.

முதலில் பூசையை முடித்துவிடலாம், அதுதான் பெற்றோர் மனதை அரிக்கிற விஷயம். உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை. ஞாயிறும் கடன்திருநாளும் (கட்டாயத் திருநாள்) பூசை காண வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம் 1247. எந்தக் கத்தோலிக்கக் கோயிலில் கண்டாலும், அன்றைக்கோ முந்தின நாள் மாலையிலோ கண்டாலும் கடன் தீர்ந்தது என்கிறது 1248. சொந்தப் பங்குக் கோயிலில்தான் காண வேண்டும் என்று எதுவும் இல்லை. வெளியூர் போயிருக்கிறோம் என்பது மட்டும் விலக்குக்குக் காரணம் ஆகாது. ஏழு வயது நிரம்பாத பிள்ளைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது (சட்டம் 11). ஆக உங்கள் வீட்டில் கடன் உள்ளவர்கள் மூன்று பேர்: நீங்கள் இருவரும் எட்டு வயதுப் பிள்ளையும். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பது நியாயமான காரணம் என்று மறைக்கல்வி நூலின் 2181-ஆம் பத்தி பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஒன்றரை வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து அம்மா அறையிலேயே தங்க நேர்ந்தால் அதைப் பாவசங்கீர்த்தனத்துக்குச் சுமந்துகொண்டு போக வேண்டியதில்லை. ஆனால் இரண்டு பெரியவர்கள் இருக்கும்போது ஆளுக்கொரு பூசையாகப் பிரித்துக்கொள்ள முடியும்.

சந்தேகத்துக்கு இடமுள்ளது "முந்தின நாள் மாலை" எப்போது தொடங்குகிறது என்பது. சட்டம் மணி சொல்லவில்லை. சனி மாலை நான்கு மணிக்குப் பிறகான பூசை செல்லும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நண்பகலுக்குப் பிறகு எதுவும் செல்லும் என்பவர்களும் உண்டு. நான்கைப் பிடித்துக்கொண்டால் வம்பில்லை. சனி மாலைப் பூசையில் ஞாயிறு வாசகங்கள்தான் வாசிக்க வேண்டும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். சட்டத்தின் சொற்களில் அப்படி இல்லை. இதற்கு மேல் விலக்கு ஏதாவது வேண்டுமென்றால் உங்கள் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். அந்த அதிகாரம் அவருக்கு உண்டு, முகம் தெரியாத ஒருவர் எழுதும் பதிலுக்கு இல்லை.

சட்டம் அனுமதித்தாலும் உங்களுக்குச் சனி மாலைப் பூசையை நான் சொல்ல மாட்டேன். சனி மாலைதான் பாண்டிக் கடற்கரையின் உச்ச நேரம், பிள்ளைகள் அதற்குத்தான் காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் உள்ளே உட்கார வைத்தால் ஒரு மணி நேரமும் "எப்ப போலாம்" என்ற நச்சரிப்புதான். ஞாயிறு விடிகாலையின் முதல் தமிழ்ப் பூசைக்குப் போங்கள். வெயில் இராது, கூட்டம் மிதமாக இருக்கும், மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளுக்கான பூசையைவிடச் சீக்கிரம் முடியும், சின்னது இரண்டும் அரைத் தூக்கத்தில் தோளில் சாய்ந்துகிடக்கும். கிறிஸ்துமஸ் வாரத்தில் பூசை நேரம் எல்லாக் கோயிலிலும் மாறும். இணையத்தில் கிடைக்கும் நேரத்தை நம்பி ஆறு மணிக்குப் போய் நிற்காதீர்கள். வெள்ளி மாலையோ சனிக் காலையோ கோயில் வாசலில் இருக்கும் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள், இல்லாவிட்டால் உபதேசியாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நீங்கள் போகும் ஞாயிறு பெரும்பாலும் திருக்குடும்பத் திருவிழாவாக இருக்கும். கிறிஸ்துமஸ் எண்கிழமைக்குள், அதாவது கிறிஸ்துமஸிலிருந்து எட்டு நாளுக்குள், வரும் ஞாயிறு அதுதான். குழந்தை இயேசுவைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடிய குடும்பத்தின் திருநாளில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பூசைக்கு நிற்பது பொருத்தம்தானே.

உட்காரும் இடமும் முக்கியம். அழுதால் எழுந்து போக வசதி என்று எல்லோரும் கடைசி வரிசைக்குப் போவார்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு அங்கிருந்து தெரிவது முன்னால் நிற்பவரின் முதுகு மட்டும்தான், ஐந்து நிமிடத்தில் பெஞ்சுக்கு அடியில் போய்விடும். பக்கவாட்டுக் கதவுக்கு அருகில், பீடம் கண்ணில் படுகிற அளவு முன்னால், பெஞ்சின் ஓரத்தில் உட்காருங்கள். பீடப்பிள்ளைகளின் மணி, தூபக்கால் புகை, நன்மை வாங்கப் போகிற வரிசை என்று பார்க்க ஏதாவது இருக்கும்வரை பிள்ளை அடங்கியிருக்கும். ஒன்றரை வயது சிணுங்க ஆரம்பித்ததும், அழுகையாக மாறும் முன்பே, ஒருவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதைப் பூசைக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வயதுப் பிள்ளை புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கியிருந்தால் ஒரு மணி நேர உபவாசம் உண்டு. தண்ணீர் குடிக்கலாம், பால் கூடாது. மற்ற இரண்டும் புறப்படும்போதே பாலும் பிஸ்கட்டும் சாப்பிடட்டும். பசித்த பிள்ளைக்கு எந்தப் பிரசங்கமும் நீளம்தான்.

இனி கோயில்கள். ஊருக்குள் பார்க்க வேண்டியவை மூன்று, ஊருக்கு வெளியே ஒன்று. ஞாயிறு பூசையைக் கணக்கில் சேர்க்காமல் ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றிலும் அரை மணிக்கு மேல் வேண்டாம். உங்களுக்குக் கிடைத்திருக்கும் வாய்ப்பு, நீங்கள் போவது கிறிஸ்துமஸ் குடில் நேரம். மூன்று அரசர்கள் குழந்தை இயேசுவைக் கண்ட திருக்காட்சித் திருநாள்வரை எந்தக் கோயிலிலும் குடிலைக் கலைக்க மாட்டார்கள். "வாங்க, கோயில் பார்க்கலாம்" என்றால் வராத பிள்ளை "அங்கே குடிலில் ஒட்டகம் இருக்கா, பார்த்துட்டு வரலாம்" என்றால் முன்னால் ஓடும். நான்கு வயதுக்கு ஆடுகளை எண்ணும் வேலை, எட்டு வயதுக்கு எந்தக் குடிலில் மூன்று அரசர்கள் வந்துவிட்டார்கள், எதில் இன்னும் வழியில் இருக்கிறார்கள் என்று பார்க்கும் வேலை. சில கோயில்களில் அரசர்களைத் தள்ளி வைத்து நாளுக்கு நாள் கிட்டே நகர்த்துவார்கள், சில இடங்களில் முதல் நாளே கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள்.

சனிக்கிழமைக்கு இருதய ஆண்டவர் பசிலிக்கா. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், தெற்குப் புல்வாரில், அதாவது சுப்பையா சாலையில் இருக்கிறது. 1902-ல் தொடங்கி 1907-ல் முடித்த கோதிக் கட்டடம், 2011-ல் பசிலிக்கா, அதாவது திருத்தந்தை தனிச் சிறப்புத் தந்த கோயில், ஆனது. சிவப்பும் வெள்ளையுமான முகப்பு பிள்ளைகளுக்கு உடனே பிடித்துவிடும். உள்ளே வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள். வெயில் ஏறியிருக்கும் காலை ஒன்பது மணி வாக்கில் போனால் அந்த நிறங்கள் தரையில் விழுவதைப் பார்க்கலாம். நான்கு வயதுப் பிள்ளை அந்த நீலத்தின் மேல் கையை வைத்துக் கை நீலமாகிவிட்டது என்று காட்டும், விட்டுவிடுங்கள். எட்டு வயதுக்கு இரண்டு வேலை கொடுங்கள். ஒன்று, பெரிய தூண்களை எண்ணுவது, 24 வர வேண்டும். இன்னொன்று, வாசல் கதவுக்கு மேலே கல்லில் செதுக்கிய லத்தீன் எழுத்தைக் கண்டுபிடிப்பது. விவிலியத்தின் குறிப்பேடு இரண்டாம் நூல் 7:16-லிருந்து எடுத்த வசனம் அது, "என் பெயர் இங்கே இருக்கும்படி இந்த இடத்தைப் புனிதப்படுத்தினேன்" என்பது பொருள். வழிபாடு நடக்கும் நேரத்தில் எண்ண அனுப்பாதீர்கள். சுற்றுலாப் பயணிகள் பீடம் வரை போய்ப் படம் எடுப்பதில் அங்கே ஏற்கெனவே மனவருத்தம் உண்டு.

ஞாயிறு பூசைக்கு மிஷன் வீதியில் உள்ள ஜென்மராக்கினி மாதா பேராலயத்தைச் சொல்வேன். ஊர்க்காரர்கள் இதைச் சம்பாக் கோயில் என்பார்கள். சேசு சபையாரின் புனித பவுல் கோயிலாக இருந்தது, பிரெஞ்சில் சேன் பால் என்றது தமிழ் வாயில் சம்பா ஆனது என்பது வழக்கமான விளக்கம். கேட்க நன்றாக இருக்கிறது, பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். முதல் கோயில் 1692-ல் எழும்பியது, மறு ஆண்டே டச்சுக்காரர் ஊரைப் பிடித்தபோது போயிற்று. பின்னால் கட்டியதை 1761-ல் ஆங்கிலேயர் ஊரோடு சேர்த்து இடித்தார்கள். இப்போது நிற்பது 1791-ல் அர்ச்சிக்கப்பட்டது. பாரிஸில் உள்ள ஒரு கோயிலைப் பார்த்து முகப்பை அமைத்தார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வதைச் சொல்வழக்காக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோயிலின் பக்கத்தில் இருந்த வேதபுரீசுவரர் கோயில் 1748-ல் இடிக்கப்பட்டதும் இதே வரலாற்றின் பகுதி. அந்தக் காலத்தில் பிரெஞ்சு ஆளுநரின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் அதை விரிவாக எழுதி வைத்திருக்கிறார். எட்டு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு சொல்வது என்பது உங்கள் முடிவு. பெரியவர்கள் தெரிந்துகொண்டு போவது நல்லது என்பது என் எண்ணம்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு சிக்கல். பூசை முடிந்து வெளியே வந்து கொஞ்ச தூரம் போனால் காந்தி வீதி முழுக்கச் சண்டே மார்க்கெட். துணி, பாத்திரம், பிளாஸ்டிக் பொம்மை, நடக்க இடமில்லாத கூட்டம். ஒன்பது மணிக்குள் அந்தப் பகுதியை விட்டு வந்துவிடுங்கள். எப்படியும் போவதென்றால் நான்கு வயதின் கையில் உங்கள் போன் எண்ணைப் பேனாவால் எழுதி, அதன் மேல் எண் தெரியும்படி கண்ணாடி போன்ற ஒட்டும் பிளாஸ்டர் ஒன்றைப் போட்டு விடுங்கள். வியர்வையில் அழியாது.

மூன்றாவது, கடற்கரையிலிருந்து ஒரு தெரு உள்ளே தள்ளி துய்மா வீதியில் இருக்கும் தூதர்களின் அன்னை ஆலயம். கப்பூசின் துறவிகள் இருந்ததால் பழைய ஆட்களுக்குக் கப்ஸ் கோயில். 1855-ல் முடிந்தது, மூன்றாம் நெப்போலியன் உதவியது, அவர் கொடுத்த மாதா ஓவியமும் உண்டு. சுவரின் வழவழப்புக்கு முட்டை வெள்ளைக் கரு கலந்த சுண்ணாம்பு காரணம் என்பார்கள். செட்டிநாட்டுச் சுவரைத் தடவிப் பார்த்த யாரும் இதை மறுக்க மாட்டார்கள். பிரெஞ்சு மொழியில் பூசை நடக்கும் கோயில் இது. ஆசைக்குப் போகலாம், ஆனால் உங்கள் ஞாயிறு கடனுக்கு இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். புரியாத மொழியில் ஒரு மணி நேரம் என்றால் எட்டு வயதும் படுத்தும். கோயிலுக்கு எதிரே, கடலைப் பார்த்த தோட்டத்தில் புனித ஜான் தார்க் சிலை. போருக்குப் போன பெண் என்றதும் எட்டு வயதுக்கு ஆயிரம் கேள்வி வரும். பத்தொன்பது வயதில் எரித்தார்கள், 1920-ல் புனிதை ஆக்கினார்கள் என்பதற்கு மேல் நடுவில் நடந்ததை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலை கடற்கரைக்குப் போகிற வழியில் பத்து நிமிடம் இங்கே போதும். எந்தக் கோயிலாக இருந்தாலும் மதியம் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை சாத்தியிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். செருப்பை வெளியே விடுவது வழக்கம், சின்னவர்களுக்கு வாரில்லாத செருப்பாகப் போட்டு விட்டால் வாசலில் குனிந்து நிற்க வேண்டாம்.

கடலுக்கு வருவோம், இங்கேதான் கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாண்டியின் கடற்கரைச் சாலை குளிக்கும் கடற்கரை இல்லை. சாலை ஓரத்தில் கருங்கல் பாறைகளைக் கொட்டி அரண் போட்டிருக்கிறார்கள். தெற்கே துறைமுக முகத்துவாரத்தில் தடுப்புச் சுவர் கட்டிய பிறகு, வடக்கு நோக்கி நகர வேண்டிய மணல் தடைபட்டு இங்கிருந்த மணல் கரைந்துபோனது. சமீப ஆண்டுகளில் கடலுக்குள் செயற்கைத் திட்டு போட்டதில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. பிள்ளைகள் மண் தோண்ட அது போதும். பாறை மேல் மட்டும் ஏற விடாதீர்கள். அலை படும் கல்லில் பாசி இருக்கும், காய்ந்த மாதிரி தெரியும், கால் வைத்தால் வழுக்கும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சின்னக் கால் முழங்கால்வரை இறங்கும் பொந்துகள் இருக்கும். அங்கே நிற்கும் பெரியவர்களைப் பார்த்து எட்டு வயது கண்டிப்பாக ஏறக் கேட்கும், வண்டியிலிருந்து இறங்கும் முன்பே "கல் கிடையாது" என்று முடித்துவிடுங்கள். வடகிழக்குப் பருவக்காற்றின் கடைசி நாட்கள் என்பதால் டிசம்பரில் கடல் கொந்தளிப்பாகவே இருக்கும். ஊருக்கு வெளியே மணல் உள்ள கரைகளிலும் கணுக்காலுக்கு மேல் வேண்டாம். நீச்சல் தெரிந்த பெரியவர்களே அடி இழுப்பில் போகிற கடல் இது.

நேரம்தான் இங்கே எல்லாம். கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணியிலிருந்து காலை ஏழரை வரை வண்டிகளை விட மாட்டார்கள். ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு மழமழவென்ற சாலை, ஹாரன் சத்தம் இல்லை, ஸ்ட்ரோலர் தள்ளுவதற்கு ஊரிலேயே ஏற்ற இடம் அதுதான். மற்றத் தெருக்களில் நடைபாதை முழங்கால் உயரம், ஏறினால் இரு சக்கர வண்டி நிற்கும். அங்கே குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் பைதான் சரி. கடல் கிழக்கே இருப்பதால் சாயங்காலச் சூரியன் ஊருக்குப் பின்னால் போய்விடும், நாலரைக்கே சாலையில் கட்டட நிழல் விழும். டிசம்பர் கடைசியில் ஆறுக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், காலையில் ஆறரை வாக்கில்தான் எழும். சீக்கிரம் எழுகிற ஒன்றரை வயது வீட்டில் இருப்பது இங்கே வரம்: யாரோ ஒருவர் எப்படியும் எழுந்தாக வேண்டும், சூரியோதயம் பார்த்துவிடலாம். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் எட்டுக் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. எதிரே போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி. பாண்டி என்றால் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து சொல்லப்போவது அந்தத் தொப்பியைத்தான், எந்தக் கோபுரத்தையும் அல்ல. நீங்கள் இருக்கும் நாளில் 26-ஆம் தேதியும் வந்தால், மீனவர்கள் கடலில் பால் ஊற்றுவதைக் காலையில் பார்க்க நேரலாம். 2004 சுனாமியின் நினைவு அது. எட்டு வயதுக்குச் சொல்லலாம், ஆனால் அன்று இரவு கடலுக்குப் பக்கத்து அறையில் தூங்கப்போகிற பிள்ளை என்பதை நினைவில் வைத்துச் சொல்லுங்கள்.

தங்கும் இடத்தை இந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். மதியம் பன்னிரண்டிலிருந்து நாலு வரை அறையில் இருக்கப்போகிறீர்கள், ஆகவே அறைதான் உங்கள் மூன்றாவது சுற்றுலா இடம். பசிலிக்காவுக்கும் கடற்கரைக்கும் நடுவே, ஊரின் தெற்குப் பாதியில் கிடைத்தால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வண்டியைத் தொட வேண்டியதில்லை. பழைய பிரெஞ்சு வீடுகளை விடுதி ஆக்கியிருப்பார்கள், படத்தில் அழகாக இருக்கும். பதிவு செய்யும் முன் போனில் கேட்க வேண்டியவை: அறை தரைத்தளத்திலா, மரப்படியா, படிக்குக் கதவு உண்டா, மேல்மாடக் கம்பிகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி, முற்றத்தில் தொட்டியோ கிணறோ திறந்து கிடக்கிறதா. கம்பிகளுக்கு இடையே நாலு விரல் அகலத்துக்கு மேல் இருந்தால் ஒன்றரை வயதோடு அந்த அறை வேண்டாம். கட்டடத்தில் மதுக்கூடம் உண்டா என்றும் கேளுங்கள். வாரக்கடைசியில் பாண்டிக்கு வருகிற கூட்டத்தில் பாதி அதற்காக வருவது, இரவு பன்னிரண்டு மணிவரை சத்தம் இருக்கும். அரவிந்தர் ஆசிரம விடுதிகளில் குடி கிடையாது, சுத்தமும் அமைதியும் உண்டு, ஆனால் இரவு கதவு சாத்தும் நேரம் கண்டிப்பு. பிள்ளைகளைச் சேர்ப்பது பற்றி விடுதிக்கு விடுதி விதி மாறும். எங்கே தங்கினாலும் 30-ஆம் தேதிக்கு முன் ஊரை விட்டு வந்துவிடுங்கள். புத்தாண்டுக்காகக் கூட்டம் குவியும், வாடகை ஏறும், 31-ஆம் தேதி கடற்கரைப் பக்கம் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வரும்.

சாப்பாட்டில் நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. இட்லியும் தயிர்சாதமும் எல்லா இடத்திலும் கிடைக்கும், காலையில் பேக்கரியில் சூடான நீள ரொட்டி வாங்கினால் பிள்ளைகள் வாளாக்கி விளையாடிவிட்டுச் சாப்பிடுவார்கள். சாலையோரத்து ஐஸும் நறுக்கி வைத்த பழமும் வேண்டாம். வயிற்றுப்போக்கு வந்தால் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஒரே தடவையாகக் கலக்க வேண்டும். பாதிப் பாக்கெட்டை டம்ளரில் கண் மதிப்பாகப் போட்டால் உப்பு கூடிக் குழந்தைக்கு ஆபத்தாகலாம். கலக்கிய தண்ணீர் 24 மணி நேரம்தான். ஒன்றரை வயது ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை என்றால் எதற்கும் காத்திராமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

விட்டுவிட வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஆரோவில்லின் தியான மண்டபமான மாத்ரி மந்திருக்குள் பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களை விட மாட்டார்கள். தூரத்திலிருந்து பார்க்க வெயிலில் ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும், உங்கள் மூவருக்கும் அது வீண். அரிக்கமேடு ரோமானியர் காலத்து வாணிபத் தலம், படித்தவர்களுக்குப் பொக்கிஷம், பிள்ளைகளுக்குப் புதரும் இடிந்த சுவரும். கடலூர்ச் சாலையில் எட்டுக் கிலோமீட்டரில் சுண்ணாம்பாறு படகுத்துறை போகலாம். ஆனால் குழந்தைக்குப் பொருந்தும் உயிர்காப்புச் சட்டை இருந்தால்தான். மாட்டி வாரை இறுக்கிவிட்டு, சட்டையின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது பொருந்தவில்லை, தண்ணீரில் பிள்ளை அதிலிருந்து நழுவிவிடும். அப்படியானால் ஒருவர் சின்னதோடு கரையில் இருங்கள். அதைவிட நல்லது சனிக் காலை பத்து மணிக்குப் பாரதி பூங்கா. நிழல் உண்டு, ஓட இடம் உண்டு, நடுவில் வெள்ளை ஆயி மண்டபம். ராஜாவின் கட்டளையால் தன் மாளிகையை இடித்துவிட்டு அந்த இடத்தில் குளம் வெட்டிய ஆயி என்ற பெண்ணின் கதை செவிவழிக் கதைதான், ஆனால் அந்தக் குளத்துப் பக்கத்திலிருந்து பிரெஞ்சுக்காரர் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்து அவள் பெயரில் மண்டபம் கட்டியது நடந்தது. பெரியவர்களில் யாருக்காவது அருங்காட்சியகம் பார்க்க வேண்டுமென்றால் சனியன்றே முடிக்கட்டும், திங்கள் விடுமுறை. வேளாங்கண்ணியையும் இந்த மூன்று நாளுக்குள் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். பாண்டியிலிருந்து தெற்கே 150 கிலோமீட்டர் சொச்சம், சாலையில் நாலு மணி நேரம். வேண்டாம்.

திங்கட்கிழமை வில்லியனூர். விழுப்புரம் போகிற சாலையிலேயே பத்துக் கிலோமீட்டரில் இருப்பதால் மதுரைக்குத் திரும்பும் வழியில் அது சுற்று அல்ல. லூர்து மாதா கோயில். 1858-ல் லூர்து நகரில் காட்சி நடந்து இருபது ஆண்டுகூட ஆகும் முன்பே, 1877-ல் பிரான்சிலிருந்து இங்குள்ள மாதா சுரூபம் (சிலை) வந்துவிட்டது, 1886-ல் முடிசூட்டினார்கள். கப்பலிலிருந்து இறக்கும்போது பெட்டி கீழே விழுந்தும் சுரூபம் உடையவில்லை என்று சொல்வார்கள், அதை பக்தர்கள் சொல்வதாகவே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கோயிலுக்கு முன்னால் பெரிய குளம், லூர்து ஊற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து கலந்தது என்பதால் மக்கள் அதில் கால் நனைத்துப் போத்தலில் பிடித்துப் போவார்கள். படி இறங்க இறங்கத் தண்ணீர், பாசி உண்டு. ஒன்றரை வயது இங்கே தரையில் நிற்கவே கூடாது, பையில் கட்டியபடியே இருக்கட்டும். நான்கு வயதின் கையை ஒரு பெரியவர் விடாமல் பிடித்துக்கொள்ள, மற்றவர் எட்டு வயதோடு படியில் இறங்கிப் போத்தலை நிரப்பலாம். போத்தல் வீட்டிலிருந்து கொண்டுபோனதாக, வாய் அகலமானதாக இருக்கட்டும். "தீர்த்தம், குடிக்க அல்ல" என்று மேலே எழுதி ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் திண்டிவனம் சாலை பிரியும் முன்பே பின் இருக்கையில் யாராவது குடித்திருப்பார்கள். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் ஒன்பதரைக்குள் குளம், குடில், கோயில் மூன்றும் முடிந்து விழுப்புரம் பைபாஸ் ஏறிவிடலாம், சின்னவர்கள் மதியத் தூக்கத்தைத் திருச்சிவரை காரிலேயே தூங்கிவிடுவார்கள்.